விளம்பரம் வரும் முன்பே பெயர் முடிவாகிவிடுகிறதா?

ஒரு சட்டபூர்வ ஆணையத்தின் உறுப்பினர் பதவிக்கு விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தீர்கள். கேட்ட தகுதி எல்லாம் இருந்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. சில மாதம் கழித்து, ஆளும் தரப்புக்கு வேண்டப்பட்டவர் என்று எல்லோரும் சொல்கிற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வழக்குப் போடலாமா என்றும் கேட்டு, "இந்த விளம்பரம், தேர்வுக் குழு எல்லாம் கண்துடைப்புதானா?" என்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒரு நியமனம் நேர்மையாக நடந்ததா இல்லையா என்று வெளியில் நிற்கிறவர் எதை வைத்துத் தீர்மானிப்பது? முதல் கேள்விக்கு, உங்கள் விஷயத்தில், என்னால் பதில் சொல்ல முடியாது. கோப்பைப் பார்க்காமல் யாராலும் முடியாது. இரண்டாவதற்கு ஓரளவு சொல்லலாம். தேடுதல் குழுக்களுக்குக் கோப்பு தயாரிக்கிற வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். குழுவில் அமர்ந்து முடிவெடுத்தவன் இல்லை. விண்ணப்பங்களை அடுக்கி, அட்டவணை போட்டு, கூட்டக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கியவன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரிவதை எழுதுகிறேன்.

முதலில், தேர்வு எழுதிச் சேர்கிற அரசு வேலையையும் இந்த மாதிரி நியமனத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுத்துத் தேர்வு, மதிப்பெண், தரவரிசை என்ற பாதைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டனில் 1854-இல் வந்த நார்த்கோட் – டிரெவெல்யன் அறிக்கை, சிபாரிசில் ஆள் எடுப்பதை விட்டுவிட்டுப் போட்டித் தேர்வு வைக்கச் சொன்னது. அமெரிக்காவில் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான் 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. ஆனால் இந்தச் சீர்திருத்தங்கள் எல்லாம் கீழிருந்து நுழைகிற வாசலைத்தான் சரிசெய்தன. ஆணையர்கள், வாரியத் தலைவர்கள், தீர்ப்பாய உறுப்பினர்கள், ஒழுங்குமுறை அமைப்புகளின் தலைவர்கள் என்று மேலே உட்காருகிறவர்களை இன்றும் பெரும்பாலும் யாரோ சிலர் கூடிப் பேசித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இடத்தில் விருப்பதிகாரம் இருக்கத்தான் செய்யும். அது இருப்பதே ஊழல் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால், மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குத் தன் கொள்கையை நடத்திக்காட்டச் சில ஆட்கள் வேண்டும். அமெரிக்காவில் 2024 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்குப் பிறகும் ‘பிளம் புக்’ என்று ஒரு பட்டியல் வெளியாகி வந்தது. அரசியல் நியமனம் செய்யக்கூடியவை உட்பட ஏறத்தாழ 9,000 பதவிகள் அதில் இருந்தன. இந்தப் பதவிக்குச் செனட் ஒப்புதல் வேண்டும், இதற்கு வேண்டாம் என்பதெல்லாம் பதவிவாரியாகத் தெரிந்தது. அந்த ஊர் முறையை நான் முழுக்க ஆதரிக்கிறவன் இல்லை. ஆனால் ஒன்றில் அது நேர்மையாக இருக்கிறது: எது கட்சிக்காரருக்கான நாற்காலி என்பதை ஒளிக்கவில்லை. அரசைக் கண்காணிக்கவேண்டிய பதவிக்குத் திறந்த போட்டி என்று விளம்பரம் கொடுத்து, நூறு பேரை விண்ணப்பிக்கவைத்து, சான்றிதழ் நகலுக்கு அலையவிட்டு, உள்ளே ஆள் முன்பே ரெடியாக இருப்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு இழைக்கிற அநீதி. ஆகவே நியமனமானவர் யாருக்கு நெருக்கம் என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்காதீர்கள். அவர் நெருக்கமானவராகவும் இருக்கலாம், வந்த விண்ணப்பங்களிலேயே சிறந்தவராகவும் இருக்கலாம். பெயரிலிருந்து பின்னோக்கிப் போனால் சந்தேகம்தான் வளரும். விளம்பரத்திலிருந்து முன்னோக்கி வாருங்கள்.

விளம்பரத்தில் முதலில் படிக்கவேண்டியது தகுதிப் பத்தி. என் அனுபவத்தில், பாரபட்சம் அதிகம் நடக்கிற இடம் நேர்காணல் அறை இல்லை, இந்தப் பத்திதான். சட்டம் ‘பொதுவாழ்வில் சிறந்து விளங்குபவர், இன்னின்ன துறைகளில் பரந்த அறிவும் அனுபவமும் உள்ளவர்’ என்று அகலமாகச் சொல்லியிருக்கும். இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டம் 2005 தகவல் ஆணையர்களுக்கு அப்படித்தான் சொல்கிறது. சட்டம், அறிவியல், சமூக சேவை, மேலாண்மை, இதழியல், நிர்வாகம் என்று துறைகளை அடுக்குகிறது. துறை அதை விளம்பரமாக எழுதும்போது குறுக்க வேண்டியிருக்கும். குறுக்காவிட்டால் விண்ணப்பம் மலையாகக் குவியும். அந்தக் குறுக்கலில்தான் விளையாட்டு. ‘நிர்வாக அனுபவம் 15 ஆண்டு’ என்றால் பொதுவானது. ‘நிர்வாக அனுபவம் 15 ஆண்டு; அதில் குறைந்தது மூன்று ஆண்டு தன்னாட்சி அமைப்பொன்றின் முழுநேரச் செயலராக; விண்ணப்பிக்கும் நாளில் 61 வயது நிறைந்து 63-க்கு மிகாதவராக’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் மனதில் ஒரு பயோடேட்டா இருந்திருக்கிறது. ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ‘இது எத்தனை பேருக்குப் பொருந்தும்’ என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு எளிய சோதனை ஒன்று: இதே பதவிக்குச் சென்ற முறை வந்த விளம்பரத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வயது, அனுபவ ஆண்டு, பட்டம் ஆகியவற்றில் எது மாறியிருக்கிறது? மாறியதற்கு விதித் திருத்தமோ அரசாணையோ இருக்கிறதா, அல்லது கோப்பில் ஒரு வரிக் குறிப்பில் மாறிவிட்டதா? அப்புறம் நாட்களை எண்ணுங்கள். விளம்பரம் வந்த தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே பத்து நாள்தான் என்றால், முன்கூட்டியே தகவல் தெரிந்தவருக்கு மட்டும்தான் அந்தப் போட்டி. உயர் பதவிக்கு விண்ணப்பிக்கிற ஒருவர் தடையின்மைச் சான்று வாங்கவே அதற்கு மேல் ஆகும். ஆனால் அவசரத்தை மட்டும் வைத்துச் சதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதி சமயம், காலியிடம் வரப்போகிறது என்று ஆறு மாதம் முன்பே தெரிந்தும் யாரும் கோப்பைத் தொடாமல் விட்டு, கடைசி நேரத்தில் ஓடியிருப்பார்கள். சோம்பலும் சதியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது சுருக்கப் பட்டியல். உங்களுக்கு நேர்காணல் அழைப்பு வராமல் போனது இங்கேதான். நூற்றைம்பது விண்ணப்பம் வந்ததாக வைத்துக்கொள்வோம். எண்பது பேருக்குக் குறைந்தபட்சத் தகுதி இருக்கும். அழைக்கப்போவது பத்துப் பேரை. எண்பதைப் பத்தாக்குகிற அளவுகோல் எது, அது எப்போது எழுதப்பட்டது? விண்ணப்ப உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிரித்துப் பெயர்களைப் பார்த்த பிறகு, ‘விரும்பத்தக்க தகுதி’ என்று விளம்பரத்தில் அடியில் போட்டிருந்ததைக் கட்டாயத் தகுதி போல எடுத்துக்கொண்டு வடிகட்டினால், யாரையும் உள்ளே வைக்கலாம், யாரையும் வெளியே தள்ளலாம். அட்டவணையில் ‘குறிப்புரை’ என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். நல்ல கோப்பில் அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே காரணம் எழுதியிருக்கும். மோசமான கோப்பில் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று ஒரே வார்த்தை எண்பது வரிசையிலும் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

தேர்வுக் குழு முன்னால் என்ன வந்தது, எப்போது வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2024 மார்ச்சில் இந்தியாவில் இரண்டு தேர்தல் ஆணையர்களை நியமிப்பதற்கான கூட்டம் நடந்தது. குழுவில் எதிர்க்கட்சி சார்பில் இருந்த அதிர் ரஞ்சன் சௌத்ரி வெளியே வந்து சொன்னது இது: முந்தைய இரவு 212 பெயர்கள் கொண்ட பட்டியல் கைக்கு வந்தது, ஆறு பேர் கொண்ட இறுதிப் பட்டியல் கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்தது. அதற்கு முன், 2022 நவம்பரில், ஆறு மாதம் காலியாகக் கிடந்த ஒரு தேர்தல் ஆணையர் இடம் ஏறத்தாழ ஒரே நாளில் நிரப்பப்பட்டது. நியமிக்கப்பட்ட அதிகாரி முந்தைய நாள்தான் விருப்ப ஓய்வு பெற்றிருந்தார். அந்த வேகத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்டது. நியமனத்தை ரத்து செய்யவில்லை. சட்டப்படி குழு இருந்தது, கூடியது, பேசியது என்று ஆவணம் காட்டும். 212 பேரை ஓர் இரவில் யார் படிக்க முடியும் என்பதை ஆவணம் காட்டாது.

தகவலை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான வழக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் பி.ஜே. தாமஸ் நியமனம். 2010 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் ஆகிய மூவர் குழு கூடியது. சுஷ்மா ஸ்வராஜ் எதிர்ப்பைப் பதிவு செய்தார். இரண்டுக்கு ஒன்று என்று நியமனம் நடந்தது. கேரளத்தின் பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் மீது குற்றப்பத்திரிகை நிலுவையில் இருந்தது. அது தொடர்பான துறைக் குறிப்புகளும் கோப்பில் இருந்தன. ஆனால் அவை குழுவின் பார்வைக்கு முறையாக வைக்கப்படவில்லை. 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் நியமனத்தைச் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, தாமஸ் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை என்பதுதான். அந்த அமைப்பின் மீதான நம்பகத்தன்மைக்கு எது பொருத்தம் என்று குழு யோசித்திருக்க வேண்டும், அதற்குத் தேவையான தகவலையே பார்க்காமல் செய்த பரிந்துரை பரிந்துரையே இல்லை என்றது. உறுப்பினர் ஒருவர் மாறுபட்டால் காரணத்தை எழுத வேண்டும், அதை மீறிப் பெரும்பான்மை முடிவெடுத்தால் அவர்களும் காரணம் எழுத வேண்டும் என்றும் சொன்னது. எங்களைப் போன்ற கோப்பு ஆட்களுக்கு இது வேலையை மாற்றிய தீர்ப்பு. ‘விஜிலென்ஸ் கிளியரன்ஸ் பெறப்பட்டது’, அதாவது ஊழல் புகார் எதுவும் நிலுவையில் இல்லை என்று சான்று வந்துவிட்டது, என ஒரு வரி எழுதிக் கடந்துபோன காலம் அதோடு முடிந்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் முடிந்ததா என்றால், இல்லை.

நேர்காணலுக்கு வருவோம். ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். துறை அறிவு, அனுபவம், தலைமைப் பண்பு என்று நாலைந்து கட்டம். பலர் முதலில் பென்சிலால்தான் போடுவார்கள். ஆள் வெளியே போனதும் தலைவர், "எனக்கென்னவோ மூன்றாவதாக வந்தவர் பரவாயில்லை என்று படுகிறது" என்று பொதுவாக ஒரு வார்த்தை விடுவார். அழிரப்பர்கள் வேலை செய்யும். கோப்பில் சேர்வது அதன் பிறகு பேனாவால் எழுதிய தாள். எல்லோர் மதிப்பெண்ணும் அருகருகே, ஒரே வரிசையில் வந்து நிற்கும். யாரும் யாரையும் மிரட்டவில்லை, மேலிடத்திலிருந்து போனும் வரவில்லை. ஐந்து பேர் தனித்தனியாக மதிப்பிட்டார்கள் என்று கோப்பு சொல்கிறது, உண்மையில் மதிப்பிட்டது ஒருவர். இதைத் தடுக்கப் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம். பேச்சு தொடங்கும் முன் பேனாவில் எழுதிய தாளை வாங்கிக்கொண்டுவிட வேண்டும்; பேசிய பிறகு மாற்ற விரும்பினால் அடித்து, சுருக்கொப்பம் போட்டு, காரணம் எழுத வேண்டும். இதைச் செய்கிற குழுக்களில் மதிப்பெண்கள் கொஞ்சம் தாறுமாறாக இருக்கும். அப்படி இருப்பதுதான் நல்ல அறிகுறி.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதில் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். 2023 மார்ச்சில் அனூப் பரன்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழு தேர்தல் ஆணையர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் நியமிக்கும் ஓர் அமைச்சரை வைத்தது. மூவரில் இருவர் அரசுத் தரப்பு என்றால் மூன்றாமவர் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். இலங்கையைப் பாருங்கள்: 2001-இல் 17-ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்து, சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான நியமனங்களை அதன் வழியாக நடத்தச் சொன்னது. 2010-இல் 18-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2015-இல் 19-ஆவது திரும்பக் கொண்டுவந்தது, 2020-இல் 20-ஆவது மறுபடி பலமிழக்கச் செய்தது, 2022-இல் 21-ஆவது மீண்டும் நிறுவியது. குழுவின் அமைப்பு முக்கியம் இல்லையென்றால் ஆட்சியாளர்கள் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். எனவே அதற்குப் பலன் உண்டு என்பது நிச்சயம். ஆனால் எதிர்க்கட்சியும் நீதிபதியும் உள்ளே வந்துவிட்டால் திறமையானவர் தானாக வந்துவிடுவார் என்பது நிச்சயம் இல்லை. ‘இந்த இடம் உங்களுக்கு, அடுத்தது எங்களுக்கு’ என்று பங்கு பிரிக்கிற குழுக்களும் உலகத்தில் உண்டு.

நியமிக்காமலே இருப்பதும் ஒரு தந்திரம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் உயர் பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிப்பதற்கான லோக்பால் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் 2019 மார்ச்சில்தான் நியமிக்கப்பட்டார். காட்டிய காரணம், தேர்வுக் குழுவில் இருக்கவேண்டிய ‘எதிர்க்கட்சித் தலைவர்’ என்று அங்கீகாரம் பெற்ற ஒருவர் 2014 மக்களவையில் இல்லை என்பது. தகவல் உரிமைச் சட்டத்தில், அப்படி ஒருவர் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பின் மிகப்பெரிய குழுவின் தலைவரை எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கம் சேர்த்திருந்தார்கள். லோக்பால் சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லை. காலியிடத்தை நிரப்பாமல் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒருவரிடம் ஒப்படைப்பது இதன் தம்பி. மாநிலக் காவல்துறைத் தலைவர் நியமனத்தில் இது அதிகமானதால், அவரைத் தேர்ந்தெடுக்க 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பில் வகுத்த முறையைச் சுற்றிக்கொண்டு போகக்கூடாது, தற்காலிகத் தலைவர் என்று யாரையும் வைக்கக்கூடாது என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பொறுப்பில் இருப்பவருக்கு விளம்பரமும் இல்லை, குழுவும் இல்லை. பதவி நிரந்தரமாகும் என்ற ஆசை மட்டும் இருக்கும். அந்த ஆசை இருக்கிறவரை அவர் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்.

குழு பரிந்துரைத்த பிறகு அமைச்சர் என்ன செய்கிறார் என்பது கடைசிக் கட்டம். இதில் பிரிட்டனின் அனுபவம் பயனுள்ளது. நோலன் குழுவின் 1995 அறிக்கை பொதுவாழ்வுக்கான ஏழு கோட்பாடுகளை வகுத்தது; அதைத் தொடர்ந்து பொது நியமனங்களுக்கென்றே ஓர் ஆணையர் வந்தார். அங்கே இறுதித் தேர்வு அமைச்சருடையது. குழு தகுதியில்லை என்று சொன்னவரையே அவர் நியமிக்கலாம், ஆனால் ஆணையரிடம் தெரிவித்துப் பகிரங்கமாகக் காரணம் சொல்ல வேண்டும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில், ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தலைவர் பதவிக்கு, அரசு விரும்பியதாகச் சொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் பால் டேக்கரைக் குழு பொருத்தமற்றவர் என்றதும், காரணம் சொல்லி நியமிப்பதற்குப் பதிலாகப் போட்டியையே முதலிலிருந்து நடத்தினார்கள். 2021 நவம்பரில் அவரே விலகிக்கொண்டார். விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ‘மறு விளம்பரம்’ என்ற பின்வாசல் எப்போதும் திறந்திருக்கும். ஒரே பதவிக்கு இரண்டாம் முறை விளம்பரம் வந்தால், முதல் முறை என்ன ஆனது என்று கட்டாயம் கேளுங்கள்.

அதே நாட்டில் பிபிசி தலைவராக இருந்த ரிச்சர்ட் ஷார்ப் 2023 ஏப்ரலில் பதவி விலகினார். பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு 8 லட்சம் பவுண்டு வரையிலான கடன் உத்தரவாதம் தொடர்பான ஓர் அறிமுகத்தில் தன் பங்கை அவர் தேர்வுக் குழுவிடம் சொல்லவில்லை என்று விசாரணை கண்டது. விசாரணை நடத்திய வழக்கறிஞர் இன்னொன்றையும் கவனித்தார்: அரசின் விருப்பம் இவர்தான் என்று பத்திரிகைகளில் கசியவிட்டால் மற்றவர்கள் விண்ணப்பிக்கவே தயங்குவார்கள். எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. எந்த விதியையும் மீறாமல், ஒரு செய்தித் துணுக்கைக் கொண்டே போட்டியைக் கலைத்துவிடலாம். ‘அது இன்னாருக்கென்று முடிவாகிவிட்டதாமே’ என்ற பேச்சு பொய்யாக இருந்தாலும், நல்ல விண்ணப்பதாரர்கள் ஒதுங்கிவிட்டால் அது மெய்யாகிவிடும்.

இனி எனக்கே சந்தேகமாக இருப்பவை. எல்லாவற்றையும் திறந்து வைத்தால் நல்லவர்கள் வருவார்களா? தென்னாப்பிரிக்காவில் நீதிபதி பதவிக்கான நேர்காணல்களை நீதிச் சேவை ஆணையம் பொதுமக்கள் பார்க்கவே நடத்துகிறது. கேள்வி கேட்பவரின் தரமும் ஊருக்கே தெரிந்துவிடுகிறது என்பது பெரிய லாபம். ஆனால் ஏற்கனவே நல்ல பதவியில் இருக்கிற ஒருவர், தோற்றால் ஊர் அறியத் தோற்க வேண்டும் என்றால், விண்ணப்பிப்பாரா? சிலர் மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்; அந்தச் சிலர் நமக்கு வேண்டியவர்கள்தானா என்று தெரியாது. நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கிற மூத்த நீதிபதிகளின் குழுவான இந்திய உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2017 அக்டோபரிலிருந்து தன் தீர்மானங்களை இணையதளத்தில் வெளியிடுகிறது. காரணங்களை விரிவாக எழுதினால் தேர்வாகாதவரின் பெயர் கெடுகிறது. சுருக்கினால் ‘எல்லா அம்சங்களையும் கருத்தில் கொண்டு’ என்ற வரிதான் மிஞ்சுகிறது. விண்ணப்பித்த எல்லோர் பெயரையும் வெளியிட வேண்டாம், சுருக்கப் பட்டியலில் வந்தவர்களின் பெயரையும் அளவுகோலையும் வெளியிடலாம் என்பது என் நிலை. 2019 பிப்ரவரியில் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் தகவல் ஆணையர் நியமனங்களுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஓய்வுபெற்ற அதிகாரிகளை மட்டுமே தேடாதீர்கள், காலியாவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள் என்றும் அது சொன்னது.

வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ‘அவரைவிட நான் தகுதியானவன்’ என்ற வாதத்தை நீதிமன்றம் பொதுவாகக் கேட்காது. சட்டம் சொன்ன தகுதி இருந்ததா, சட்டம் சொன்ன முறைப்படி நடந்ததா, தேவையான தகவலைப் பார்த்து உண்மையிலேயே பரிசீலித்தார்களா என்பதோடு நின்றுகொள்ளும். அதற்குள்ளேயே பலம் உண்டு. பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் நியமனத்தில் 2013-இலும், தமிழ்நாடு தேர்வாணையத்தின் 11 உறுப்பினர்கள் விஷயத்தில் 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நியமனங்கள் கவிழ்ந்தது இந்த வழியில்தான். நேர்மையும் திறமையும் உள்ளவர்களைத் தேடி, ஒப்பிட்டு, ஆலோசித்ததற்கான தடயம் கோப்பில் இல்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

ஆகவே இப்போதைக்கு வழக்கைவிடத் தகவல் உரிமைச் சட்டப்படியான மனுதான் உங்களுக்குப் பயன்படும். ‘ஏன் என்னைத் தேர்வு செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். அது தகவலே இல்லை, விளக்கம் கேட்பது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: தகுதி வரையறையை ஒப்புதல் செய்த கோப்புக் குறிப்பு, தேதியோடு, சுருக்கப் பட்டியலுக்கான அளவுகோலும் அது முடிவான தேதியும், விண்ணப்பங்கள் திறக்கப்பட்ட தேதி, குழுவின் அமைப்பு ஆணை, விண்ணப்பித்தவர்களோடு தங்களுக்கு உறவோ சொந்த நலனோ இல்லை என்று குழு உறுப்பினர்கள் கொடுத்த உறுதிமொழிகள், உங்கள் விண்ணப்பத்துக்கு நேரே அட்டவணையில் எழுதப்பட்ட குறிப்புரை, கூட்டக் குறிப்பு. மற்ற விண்ணப்பதாரர்களின் சொந்த விவரங்களையும், எந்த உறுப்பினர் யாருக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்பதையும் தரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சேர்த்துக் கேட்டு முழு மனுவுக்கும் மறுப்பு வாங்கிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் பதிலுக்குக் காலக்கெடு 30 நாள், இலங்கையில் முடிவைத் தெரிவிக்க 14 வேலைநாள், பிரிட்டனில் 20 வேலைநாள். கைக்கு வரும் தாள்களில் முதலில் இரண்டு தேதிகளை மட்டும் பாருங்கள்: அளவுகோல் எழுதிய தேதி, உறை பிரித்த தேதி. முதலாவது பிந்தியதாக இருந்தால், அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். முந்தியதாக இருந்து, குறிப்புரைக் கட்டத்தில் உங்கள் பெயருக்கு நேரே படிக்கத்தக்க ஒரு காரணமும் எழுதியிருந்தால், அந்தக் காரணம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அடுத்த விளம்பரத்துக்கு விண்ணப்பியுங்கள்.